இரவில் கேட்ட அழைப்பு: திண்டிவனம் நிகழ்வும் எபிரேய மறைநூலில் துன்பத்தின் பொருளும்

முன்னுரை

யோபு தன் துன்பத்திற்குக் காரணம் கேட்டான். நண்பர்கள் காரணங்களை அடுக்கினர். அவன் ஒன்றையும் ஏற்கவில்லை. நூலின் 38ஆம் அதிகாரத்தில் இறைவன் சூறைக்காற்றின் நடுவிலிருந்து பேசத் தொடங்குகிறார்; ஆயின் அவரும் காரணம் எதையும் கூறுவதில்லை. தொடக்கத்தில் விண்ணவையில் நிகழ்ந்த உரையாடலை நூலைப் படிப்போர் அறிவர். யோபு இறுதிவரை அறியான். எபிரேய மறைநூலில் துன்பம் பற்றிய வினா இவ்வாறு விடையின்றி நிற்கும் இடங்கள் பல. அவ்விடங்களில் துயருற்றவனுக்கு விளக்கம் கிடைப்பதில்லை. அவனை நோக்கி ஓர் அழைப்பு வருகிறது.

யூதர் 'தனாக்' என வழங்கும் இம்மறைநூலே, வேறு வரிசைமுறையில், சீர்திருத்தக் கிறித்தவர்களின் பழைய ஏற்பாடாக அமைந்தது. தமிழகத்து மக்கள் எபிரேய மறைநூலை அறிந்தது யூதர் வழியாக அன்று. பெரும்பாலும் கிறித்தவ மொழிபெயர்ப்புகளின் வழியாகவே. எனவே தமிழ்நிலத்தில் இம்மறைநூல் வாழ்க்கையோடு உறவுகொண்ட இடங்களைத் தேடும் ஆய்வு, கிறித்தவச் சமயப்பணி வரலாற்றின் ஊடாகவே செல்ல வேண்டியுள்ளது. அவ்வகையில் 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வு ஒன்றை எபிரேய அழைப்புக் கதைகளோடும், அவற்றுக்கு யூத மரபு கண்ட பொருளோடும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்வு

திண்டிவனம் இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை இவ்விரு ஊர்களும் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1853இல் தோன்றிய அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனின் பணித்தளங்களுள் திண்டிவனமும் ஒன்று. அம்மிஷனைத் தொடங்கியவர்கள், 1819இல் இலங்கைக்குப் புறப்பட்டுப் பின்னர்ச் சென்னைக்கு வந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் மைந்தர்கள். மற்றொரு மைந்தராகிய இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. அவர்தம் மகள் ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார்.

தாது ஆண்டுப் பஞ்சத்தின்போது (1876-78) ஐடா சிறுமி. பசியால் வாடிய குழந்தைகளை அவர் நேரிற் கண்டார். பின்னர் அமெரிக்காவில், மாசசூசெட்சு மாநிலத்து நார்த்ஃபீல்டில் கல்வி பயின்றபோது, குடும்பத்தார் தலைமுறையாக மேற்கொண்ட பணிக்குத் தாம் வரப்போவதில்லை என்ற முடிவில் உறுதியாக இருந்தார். தாயின் உடல்நலக் குறைவு காரணமாக 1890இல் திண்டிவனம் வந்ததும் சிறிது காலம் உதவிவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான்.

ஓரிரவு பிராமண இளைஞர் ஒருவர் வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவராகிய தந்தையை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதை ஏற்கவியலாது என மறுத்து அவர் திரும்பிச் சென்றார். அதன்பின் இசுலாமியர் ஒருவர் வந்தார். அவர் வேண்டியதும் அதுவே, மறுத்ததும் அவ்வாறே. மூன்றாவதாக உயர்சாதி இந்து ஒருவர் வந்தார். அவரும் தனியே திரும்பினார். விடிந்தபோது ஊருக்குள்ளிருந்து சாப்பறை கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் எனத் தெரியவந்தது. ஐடா தம் அறையில் நெடுநேரம் தனித்திருந்தபின் பெற்றோரிடம் சென்று, அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பப்போவதாகத் தெரிவித்தார்.

பிந்திய வரலாறு நன்கு அறியப்பட்டது. 1899இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்குப் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவரும் ஒருவர். 1900இல் வேலூருக்கு வந்தார். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சியே. 1960 மே 24 அன்று கொடைக்கானலில் அவர் மறைந்தார்.

அழைப்புக் கதையின் அமைப்பு

இந்நிகழ்வு ஐடாவே பல்லாண்டுகள் பல அவைகளில் எடுத்துரைத்தது. மேரி பாலின் ஜெஃப்ரி (1938), டோரதி கிளார்க் வில்சன் (1959) முதலியோரின் வாழ்க்கை வரலாற்று நூல்கள் வழியாக அது ஒரு நிறுவனத்தின் தொடக்கக் கதையாகவே நிலைபெற்றது. மீண்டும் மீண்டும் சொல்லப்படும் கதை தனக்கு முன்னிருந்த கதைகளின் அச்சில் உருத்திரள்வது இயல்பு. இங்கே அவ்வச்சு எது என்பதை அறிவதில் ஐயத்திற்கு இடமில்லை. இரவு, மும்முறை வரும் அழைப்பு, அழைப்பைப் புரிந்துகொள்ளாத இளையவர் ஆகிய மூன்றும் முதலாம் சாமுவேல் நூலின் 3ஆம் அதிகாரத்துக்கு உரியன. இதனைச் சுட்டுவது நிகழ்வின் உண்மையை மறுப்பதாகாது. தனக்கு நேர்ந்ததை ஒருவர் எந்த மொழியில் புரிந்துகொண்டார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

எபிரேய அழைப்புக் கதைகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டென நார்மன் ஹாபெல் 1965இல் நிறுவினார். எதிர்ப்படுதல், முன்னுரைச் சொல், பணியளிப்பு, மறுப்பு, உறுதிமொழி, அடையாளம் என்பன அவர் கண்ட உறுப்புகள். அவற்றுள் மறுப்பே சுவையானது. மோசே தனக்கு நாவன்மை இல்லை என்கிறார். எரேமியா தாம் சிறுவன் என்கிறார். யோனா எதுவும் சொல்லாமல் எதிர்த்திசையில் கப்பலேறுகிறார். ஐடாவின் மறுப்பு இவற்றுள் யோனாவினதற்கே நெருங்கியது. அழைப்பு வருமுன்பே அவர் விலகிச் செல்லத் தீர்மானித்திருந்தார். மறுப்பு இல்லாத அழைப்பை எபிரேயக் கதைமரபு எளிதில் நம்புவதில்லை போலும்.

ஆயினும் திண்டிவனக் கதை ஹாபெலின் அமைப்பில் ஓரிடத்தில் பொருந்தாது நிற்கிறது. அங்கே எதிர்ப்படுபவர் இறைவன். இங்கே கதவருகே நின்றவர்கள் மூன்று கணவர்கள். ஒளியோ குரலோ காட்சியோ இல்லை. சாமுவேலின் கதை இவ்விடைவெளியை நிரப்பத் துணைசெய்கிறது. இறைவன் அழைத்தபோது சாமுவேல் அது முதியவராகிய ஏலியின் குரல் என்றெண்ணி மும்முறை அவரிடம் ஓடினான். இறைக்குரலை மனிதக் குரலெனக் கொண்டது அவன் பிழை. திண்டிவனத்தில் இது தலைகீழாகிறது. மனிதக் குரல்களை மனிதக் குரல்களாக மட்டுமே அன்றிரவு ஐடா கேட்டார். விடிந்தபின்னரே அவற்றை வேறொரு குரலாகக் கொண்டார். சாமுவேல் மறுமொழி கூறியது நான்காம் அழைப்புக்கு. திண்டிவனத்தில் நான்காவதாக வந்த ஒலி சாப்பறை.

கேட்டலும் கேள்வியும்

சாமுவேல் கதையின் எபிரேய மூலம் இரு வினையடிகளின்மேல் எழுப்பப்பட்டது. பிள்ளையில்லாத அன்னாள் இறைவனிடம் வேண்டிப் பெற்ற மகன் சாமுவேல். அப்பெயருக்கு நூல் தரும் விளக்கம் வேண்டுதல், வினவுதல் என்னும் பொருளுடைய 'ஷாஅல்' என்ற அடியைச் சார்ந்தது. மொழியியல் நோக்கில் இவ்விளக்கம் சாமுவேல் என்ற பெயரோடு முற்றும் பொருந்துவதன்று. சவுல் என்ற பெயருக்கே அது நேரடியாக ஒக்கும் என்பது அறிஞர் பலரும் சுட்டுவது. 3ஆம் அதிகாரத்திலோ ஆட்சி செய்வது 'ஷாமா' என்னும் செவிமடுத்தற் பொருளுடைய அடி. தாய் வேண்டினாள், மகன் செவிமடுத்தான். எபிரேயத்தில் இவை வேறு வேறு சொற்கள்.

தமிழில் இவ்விரண்டும் ஒரே சொல். வேண்டுதலும் வினவுதலும் செவிமடுத்தலும் 'கேள்' என்னும் ஒரு வினையில் அடங்கும். திருக்குறளின் 42ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'கேள்வி' செவியால் அறிவு பெறுதலைக் குறித்தது. இன்றைய வழக்கில் அது பெரும்பாலும் வினாவைக் குறிக்கிறது. எபிரேயம் இரு அதிகாரங்களில், இரு தலைமுறைகளில் விரித்துரைப்பதைத் தமிழ்ச் சொல் தன்னுள் ஒருங்கே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் இழப்பு மட்டுமே நேரும் என்ற பொதுக்கருத்துக்கு இஃது ஒரு விலக்கு. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முற்றுப்பெற்ற மொழிபெயர்ப்பு, சாமுவேல் தன்னைச் சுட்டும் 'உம் பணியாள்' என்னும் எபிரேயச் சொல்லை 'அடியேன்' என்று தந்தது. அச்சொல்லின் வழியே சைவ, வைணவ அடியார் மரபின் முழு எடையும் எபிரேயச் சிறுவன் ஒருவனின் மறுமொழியில் ஏறிவிட்டது. அவ்வெடை மூலத்தில் இல்லாதது. எனினும் பொருந்தாதது என்று கூறவியலாது.

துன்பத்தின் முன் எழும் முதல் கேள்வி 'ஏன்' என்பது. சாமுவேல் நூல் காட்டும் திசைமாற்றத்தைத் தமிழில் எளிதாகச் சொல்லலாம்: வினாவாகிய கேள்வி செவிமடுத்தலாகிய கேள்வியாவது. அறையில் தனித்திருந்த ஐடா எதைக் கேட்டார் என்பதைச் சொல்ல இத்தமிழ்ச் சொல்லின் இருமை போதும்.

இவ்விடத்தில் புறநானூற்றின் 194ஆம் பாடலை நினைவுகூர்தல் பயனுடையது. பக்குடுக்கை நன்கணியார் ஒரு மனையில் நெய்தற்பறையையும் மற்றொரு மனையில் மணமுழவையும் ஒருசேரக் கேட்கிறார். இவ்வாறு படைத்தவன் பண்பிலி என்று சினக்கிறார். பின்னர், உலகின் இயல்பை உணர்ந்தோர் அதில் இனியவற்றைக் காணவேண்டும் என்று முடிக்கிறார். படைத்தவனையே குறைகூறும் துணிவில் அவர் யோபுவுக்கு உறவினர். ஆனால் பறையொலி அவரை இட்டுச்செல்வது தெளிந்த அறிவுக்கு. எபிரேயக் கதையில் ஒலி இட்டுச்செல்வது ஒருவர் எழுந்து நின்று விடைகூறும் நிலைக்கு. இரண்டில் எது உயர்ந்தது என்பது பொருந்தாத வினா. பறையைக் கேட்ட சங்கப் புலவர்க்கும் திண்டிவனத்து இளம்பெண்ணுக்கும் கிடைத்தவை வேறு வேறு என்பது மட்டும் தெளிவு.

பிள்ளைப்பேறும் இறப்பும்

சாமுவேலின் அழைப்பைத் தனியே பிரித்துப் படிப்பதே ஞாயிறு பள்ளி வழக்கம். அதனால் ஒரு முதன்மையான செய்தி விடுபட்டுப்போகிறது. 3ஆம் அதிகாரத்துக்கு முன்னே நிற்பது அன்னாளின் பிள்ளைப்பேறு; பின்னே வரும் 4ஆம் அதிகாரத்தின் முடிவில் நிற்பது பேறுகால இறப்பு. உடன்படிக்கைப் பெட்டி பகைவர் கையிற் சிக்கியது, மாமனார் ஏலியும் கணவன் பினெகாசும் மாண்டனர் என்ற செய்திகள் ஒருங்கே வந்தபோது, நிறைமாதச் சூலியாகிய பினெகாசின் மனைவிக்கு வலி கண்டது. அருகிருந்த பெண்கள் மகன் பிறந்தான் என்று கூறித் தேற்றினர். அவள் மறுமொழி சொல்லவில்லை, பொருட்படுத்தவும் இல்லை என்கிறது நூல். மாட்சி அகன்றது எனும் பொருள்பட மகனுக்கு இக்கபோத் என்று பெயரிட்டு இறந்தாள். தேற்றுமொழியை அவள் ஏற்க மறுத்ததை மறைநூல் மறைக்கவுமில்லை, கண்டிக்கவுமில்லை.

தொடக்க நூலின் 35ஆம் அதிகாரத்தில் ராகேலுக்கு நேர்ந்ததும் இதுவே. எப்பிராத்தாவுக்குச் செல்லும் வழியில் அவளுக்கு வலி கடுமையாயிற்று; மருத்துவச்சி அஞ்சாதே என்று தேற்றினாள்; ராகேல் மகனுக்குத் தன் துயரம் தோன்றப் பெனோனி என்று பெயரிட்டு இறந்தாள். கணவன் யாக்கோபு அப்பெயரைப் பென்யமீன் என மாற்றினான். துயரத்தின் பெயரை வேறு பொருளுடையதாக்கும் இச்செயலைப் பொருள்காணலின் முன்மாதிரியாகக் கொள்வோர் உண்டு. எனினும் இறந்தவள் இட்ட பெயரை நூல் நீக்கிவிடவில்லை. இரு பெயர்களும் ஏட்டில் அருகருகே உள்ளன. துன்பத்திற்குப் பொருள் காண்போர் துன்புற்றவரின் சொல்லை அழித்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இவ்வமைப்பிலேயே உள்ளது எனலாம்.

ஆகவே திண்டிவனக் கதையைச் சாமுவேல் கதையோடு ஒப்பிடும்போது மூன்று அழைப்புகளை மட்டும் எண்ணி நிறுத்துவது மேலோட்டமானது. இளையவர் ஒருவர் இறைக்குரலை அறியத் தொடங்கும் கதையின் இருபுறமும் பேறுகாலப் பெண்கள் நிற்பதே இரு கதைகளுக்கும் உள்ள ஆழ்ந்த பொதுமை.

கதவைத் தட்டும் ஒலி

ஐடாவின் கதை உலகெங்கும் 'இரவில் மூன்று தட்டல்கள்' என்றே அறியப்படுகிறது. இரவில் கதவு தட்டப்படும் காட்சி எபிரேய மறைநூலின் பாடல்களின் பாடல் 5ஆம் அதிகாரத்தில் உண்டு. காதலன் வந்து தட்டுகிறான். ஆடை களைந்து கால் கழுவிப் படுத்த காதலி எழத் தயங்குகிறாள். அவள் திறக்கும்போது அவன் சென்றுவிட்டான். அகப்பாடல் மரபில் ஊறியோர்க்கு இக்காட்சி அயலானதன்று. யூத மரபு இதனை இறைவனுக்கும் இசுரயேலுக்கும் இடையிலான உறவாகக் கொண்டது. நாயக நாயகி பாவத்தை அறிந்தவர்க்கு இதுவும் எளிதில் விளங்கும்.

1956இல் ரபி யோசேப் சொலொவெய்ச்சிக் (1903-1993) நியூயார்க்கில் ஆற்றிய உரைக்கு இக்காட்சியிலிருந்தே தலைப்பெடுத்தார். ஐரோப்பிய யூதர் அறுபது இலட்சம் பேர் அழிக்கப்பட்ட பின்னைய பத்தாண்டில், அத்தகு துன்பத்திற்குக் காரணம் கூறுவது இயலாது என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். யூத நெறி கேட்பது 'ஏன்' என்பதையன்று, துன்புற்றவன் இனி என் செய்வது என்பதையே என்றார். மனிதன்மேல் தானாக வந்து விழும் நிலையைக் 'கோரால்' என்றும், அந்நிலையிலேயே அவன் விரும்பி ஏற்கும் பணியை 'யேஊத்' என்றும் பிரித்தார். முன்னதைத் தமிழில் ஊழ் என்று பெயர்ப்பதில் தடையில்லை. பின்னதற்கு நேர்ச்சொல் கிடைப்பது அரிது. ஊழை 38ஆம் அதிகாரத்தில் வலியுறுத்திய வள்ளுவரே 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பேசி, தளராது முயல்வோர் ஊழையும் பின்னிடச் செய்வர் என்பது ஓரளவு நெருங்கிய கருத்து. ஆள்வினையில் அழைப்பவர் இல்லை, யேஊத்தில் உண்டு. வேறுபாடு அங்கேதான்.

சொலொவெய்ச்சிக் யோபுவுக்கும் வருகிறார். பிறர் துயரில் பங்குகொள்ளாதிருந்ததே யோபுவின் குறை என்றும், நண்பர்களுக்காக வேண்டியபோதே அவன் நிலை மாறியது என்றும் அவர் விளக்குகிறார். 42ஆம் அதிகாரம் அதற்குச் சான்று. தாழ்த்தித் திறந்த கதவைப் பற்றிய அவர் பேச்சு ஆறுதல் உரையன்று. தட்டல் கேட்டும் எழாதிருந்த அமெரிக்க யூதர்மீதான கடுமையான குற்றச்சாட்டும் அதில் உண்டு. தால்முதின் பெராகோத் பகுதியிலுள்ள ஒரு கதையும் இதே போக்கினது. நோயுற்ற ஒருவரைக் காணவந்த ரபி யோகனான், இத்துன்பம் உமக்கு உவப்பானதா என்று கேட்கிறார். துன்பமும் வேண்டாம், அதற்குரிய பரிசும் வேண்டாம் என்று விடை வருகிறது. யோகனான் அதனை மறுத்து உரை நிகழ்த்தவில்லை. கையைத் தருமாறு கூறித் தூக்கி எழுப்புகிறார்.

ஐடா யூதரல்லர், இவ்வுரையோ அந்நிகழ்வுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டுப் பிந்தியது. ஆயினும் ஒரே மறைநூலை வேறு வேறு வாயில்களின் வழியே பயின்ற இருவர், திறக்கப்படாத கதவின் முன் ஒரே வகையான முடிவுக்கு வந்தது ஒப்பிடத்தக்கது. மூன்று பெண்களும் ஏன் இறந்தனர் என்பதற்கு இறையியல் விளக்கம் ஒன்றை ஐடா கூறியதாக அவர் கதை சொல்வதில்லை. அவர் மருத்துவம் பயிலச் சென்றார் என்பதே கதை.

பெயரற்றோர்

இக்கதையை மதிப்பிடும்போது எழும் கடினமான வினா வேறு. ஒருவரின் வாழ்வுக்குப் பொருள் தருவதற்காகப் பிறர் மூவர் இறந்தனர் என்பதுபோல் கதை அமைந்துவிடுகிறது. மிஷன் நூல்கள் இறப்புக்கான பொறுப்பைப் பெரும்பாலும் உள்ளூர் வழக்கத்தின்மீது ஏற்றின. அக்காலத்தில் அமெரிக்காவிலும் பேறுகால இறப்பு குறைவன்று. உள்ளூர் மருத்துவச்சியரின் அறிவைக் குறித்து அந்நூல்கள் பெரிதும் ஏளனமாகவே பேசின. மேலும், பெண் மருத்துவரை நாடிய அக்கணவர்கள் கேட்டது வழக்கத்துக்கு மாறான ஒன்றன்று. மேரி ஷார்லிப்பின் முயற்சியால் சென்னையில் 1885இலேயே சாதிப் பெண்டிர்க்கும் கோஷா பெண்டிர்க்குமான மருத்துவமனை இயங்கத் தொடங்கியிருந்தது; திண்டிவனத்தார்க்கு அது எட்டாத் தொலைவில் இருந்தது. மூவரும் இருளில் நடந்து வந்து அயலார் கதவைத் தட்டியதே, மனைவியைக் காக்க அவர்கள் தம் எல்லைவரை சென்றதைக் காட்டும்.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் எகிப்திய அரசனின் பெயரைக் கூறுவதில்லை. அவன் ஆணையை மீறி ஆண்மகவுகளைக் காத்த மருத்துவச்சியர் சிப்பிராள், பூவாள் இருவரின் பெயர்களையும் கூறுகிறது. எவர் பெயர் நிற்கவேண்டும் என்பதில் எபிரேய மறைநூலுக்கு உள்ள தெளிவு அதில் புலப்படுகிறது. எங்கும் அது அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. பினெகாசின் மனைவி பெயரின்றியே இறந்தாள். இக்குறையைப் பிற்கால ரபிகள் உணர்ந்திருந்தனர். ஆபிரகாம், தாவீது, சிம்சோன் ஆகியோரின் தாயர் பெயர்களை மறைநூல் தரவில்லை. தால்முதின் பாபா பத்ரா பகுதி அவற்றைத் தேடித் தருகிறது. தாவீதின் தாய்க்கு அது தரும் பெயர் நிச்செவெத்.

வேலூரில் 1902இல் திறந்த மருத்துவமனை, கொடையளித்த செல்வரின் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் பெயரைத் தாங்கியது. திண்டிவனத்து மூன்று பெண்களும் அறியப்பட்ட வரலாற்று நூல்களில் ஒரு பிராமணரின் மனைவி, ஓர் இசுலாமியரின் மனைவி, ஓர் உயர்சாதி இந்துவின் மனைவி என்றே குறிக்கப்பெறுகின்றனர்.